எந்த முகத்தை வரைவது?

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில், ஜவ்வாது மலைமேல் உள்ள நம் கிளைப்பங்கு ஒன்றுக்குத் திருப்பலி நிறைவேற்றப் போயிருந்தேன். பூசை முடிந்து வெளியே வந்தால், மறைக்கல்விப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து இயேசுவின் படம் வரைந்துகொண்டிருக்கிறார்கள். உபதேசியார் போட்டி வைத்திருந்தார். எல்லாத் தாள்களிலும் ஒரே இயேசுதான். பொன்னிறத் தலைமுடி, நீலக் கண், வெள்ளை அங்கி. நம் வீட்டுக் காலண்டரில் இருக்கிறாரே, அவர்தான். ஒரு பையன் மட்டும் வேறு மாதிரி வரைந்திருந்தான். கருத்த உடம்பு, சுருட்டை முடி, தோளில் துண்டு, கையில் சாமைக் கதிர். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். "சாமி, இது இயேசு இல்ல, இவன் மாமா" என்றாள் ஒரு சிறுமி. உபதேசியார் அவனைப் பார்த்து, "ஒழுங்கா திருத்தி வரைஞ்சிட்டு வா" என்றார்.

எனக்கு அடுத்த ஊரில் பூசை. வண்டிச் சாவி கையில் இருந்தது. நானும் சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அந்தச் சிரிப்புதான் இத்தனை மாதமாக என்னை விடாமல் உறுத்துகிறது. இறையியல் படித்தவன் நான். அந்தப் பிள்ளைக்காக இரண்டு வார்த்தை பேசியிருக்க வேண்டும். அன்று பேசாததை இன்று உங்கள் முன் பேசுகிறேன்.

முதலில் அந்தக் காலண்டர் படத்தைப் பார்ப்போம். 1670-களில் பிரான்சு நாட்டில் பாரே-லே-மோனியால் மடத்துக் கன்னியர் புனித மார்கரீத் மரியாவுக்குக் கிடைத்த காட்சிகளிலிருந்து திரு இருதய பக்தி பரவியது. 1767-இல் பொம்பேயோ பத்தோனி என்ற ஓவியர், உரோமையில் இயேசு சபையாரின் ஆலயத்துக்காக, கையில் இருதயத்தை ஏந்திய ஆண்டவரை வரைந்தார். பிறகு வந்த திரு இருதயப் படங்கள் பெரும்பாலும் அந்த ஒரு படத்தின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பிரான்சு நாட்டு மறைபரப்பாளர்கள் நம் வட ஆற்காட்டுக்கு வந்தபோது அந்தப் பக்தியும் கூடவே வந்தது. சேத்துப்பட்டில் லூர்து அன்னைக்கு ஆலயம் எழுப்பிய தாராஸ் அடிகளாரின் காலம் அது. அந்தப் படத்தை நான் குறை சொல்ல வரவில்லை. என் தாயார் தினமும் இரவில் அதன் முன்னால்தான் முழந்தாளிட்டார். எங்கள் வீட்டில் நெல் இல்லாத வருடங்களில் அவர் அழுததும் அந்த முகத்தைப் பார்த்துத்தான். அது இத்தாலிய முகம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் அதுதான் இயேசுவின் முகமா? நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பாருங்கள். அவர் அழுதார், களைத்தார், படகில் தூங்கினார், சினந்தார் என்றெல்லாம் இருக்கிறது. அவர் உயரமா குட்டையா, கருப்பா சிவப்பா என்று ஒரு வரிகூட இல்லை. நற்செய்தியாளர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை.

முதல் கிறிஸ்தவர்களும் அப்படித்தான். உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் அவர்கள் வரைந்த நல்ல ஆயன், தாடி முளைக்காத இளைஞன். தோளில் ஓர் ஆடு. சிரியா நாட்டில் யூப்ரட்டீசு ஆற்றங்கரையில் தூரா எவுரோப்போசு என்ற இடத்தில், 3-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் கூடிய வீட்டுக் கோவில் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். அதன் சுவரில் இயேசு முடக்குவாதக்காரரைக் குணமாக்குகிறார். அங்கேயும் தாடி இல்லை, முடி குட்டை. ஆடு இருந்தால் ஆயன், கட்டில் சுமப்பவர் இருந்தால் குணமளிப்பவர் என்று அடையாளத்தை வைத்துத்தான் ஆளைப் புரிந்துகொண்டார்கள். நமக்கு இது புதிதல்ல. போளூருக்குப் பக்கத்தில் திருமலையில் ஏறத்தாழ 16 அடி உயரத்துக்கு நேமிநாதர் நிற்கிறார், பார்த்திருப்பீர்கள். சமண தீர்த்தங்கரர் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். சங்கு இருந்தால் நேமிநாதர், சிங்கம் இருந்தால் மகாவீரர். அந்தக் காலத்துச் சிற்பி சாயலைத் தேடவில்லை.

கான்ஸ்டன்டைன் பேரரசன் கிறிஸ்தவத்துக்கு ஆதரவு தந்த பிறகு காட்சி மாறியது. ஆடு மேய்க்கும் இளைஞன் அரியணையில் ஏறினார். தாடி வளர்ந்தது, ஆடை அரசனுடையதாயிற்று. சீனாய் மலை அடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்தில் 6-ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்று இன்றும் இருக்கிறது. நாம் இயேசு என்றதும் நினைக்கிற நீண்ட முடியும் தாடியும் அதில் வந்துவிட்டன. பிறகு படமே வைக்கலாமா கூடாதா என்று நூறு ஆண்டுக்கு மேல் சண்டை. 787-இல் இரண்டாம் நீசேயா சங்கம், வைக்கலாம் என்று முடிவு சொன்னது. கடவுள் மெய்யாகவே மனிதர் ஆனார் என்றால் அவரை வரையவும் முடிய வேண்டும் என்பது காரணம்.

ஒரே ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அல்சாசு பகுதியில் இசன்ஐம் என்ற ஊரில் அந்தோனியார் சபைத் துறவிகள் ஒரு மருத்துவமனை நடத்தினார்கள். அங்கே வந்தவர்களுக்கு 'அந்தோனியார் நெருப்பு' என்று மக்கள் பெயர் வைத்த நோய். ரை என்ற தானியத்தில் பூஞ்சை பிடித்து, அந்த மாவை உண்பவர்களுக்குக் கை கால் எரியும், தோல் வெடிக்கும், கடைசியில் விரல்கள் கருகி விழும். நம் பக்கம் கம்பில் தேன் ஒழுகல் நோய் என்பார்களே, அதற்கு உறவான பூஞ்சைதான். அந்த மருத்துவமனைப் பீடத்துக்காக 1512-க்கும் 1516-க்கும் இடையில் குருனேவால்டு என்ற ஓவியர் பாடுபட்ட ஆண்டவரை வரைந்தார். உடம்பெல்லாம் புண், பச்சை பாய்ந்த தோல், முறுக்கிக்கொண்ட விரல்கள். அழகான இயேசுவைத் தேடுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் பாயில் கிடந்த நோயாளி தலையைத் தூக்கிப் பார்த்தபோது, தன் தோல் ஆண்டவர்மேல் இருப்பதைக் கண்டான். அந்த ஓவியரை யாராவது "ஒழுங்கா திருத்தி வரை" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

ஓவியர் கதை இப்படி என்றால் அறிஞர் கதை இன்னும் கடினமானது. கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலருக்கு இது கலக்கமாக இருக்கலாம்; எனக்கும் இருந்தது, அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

செருமனியில் அம்பர்க்கு நகரத்து ஆசிரியர் இரைமாருசு என்பவர், நற்செய்தியில் காணும் இயேசு வேறு, உண்மையில் நாசரேத்தில் வாழ்ந்தவர் வேறு என்று எழுதினார். எழுதி மறைத்து வைத்தார். அவர் இறந்த பிறகு 1774 தொடங்கி லெசிங் என்ற எழுத்தாளர் அதைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1835-இல் சிட்ராசு ஒரு நூல் எழுதி வேலையை இழந்தார். பிரான்சில் 1863-இல் ரெனான் எழுதினார். அவருக்கும் பேராசிரியர் பதவி போயிற்று. ஆளுக்கொரு இயேசு. ஒருவருக்குப் புரட்சிக்காரர், ஒருவருக்கு இனிமையான கலிலேயக் கவிஞர், ஒருவருக்கு நல்லொழுக்க ஆசிரியர். 1906-இல் ஆல்பர்ட் சுவைட்சர் இவர்கள் எழுதியதையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்து, ஒவ்வொருவரும் தம் காலத்துக்கு வசதியான இயேசுவைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று காட்டினார். காட்டிவிட்டு மருத்துவம் படித்து, 1913-இல் ஆப்பிரிக்காவில் லம்பரேனே என்ற ஊருக்கு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். புத்தகத்தைவிட அது எனக்குப் பிடித்த பதில். ஜார்ஜ் டிரெல் என்ற குரு 1909-இல் இதையே கிணற்றை வைத்துச் சொன்னார்: ஆழக் கிணற்றில் எட்டிப் பார்த்தவருக்கு அடியில் தெரிந்தது அவர் முகமேதான் என்று. நம் ஊர்க் கிணற்றடியில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரெலையும் திருச்சபை அன்று ஒதுக்கி வைத்தது. கத்தோலிக்க முறை அடக்கம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரு குருவாக இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் திருச்சபை பயந்தது. பிறகு மெல்ல மெல்லக் கதவு திறந்தது. 1943-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விவிலிய அறிஞர்களுக்கு ஊக்கம் கொடுத்தார். 1964-இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு நற்செய்திகள் உருவான மூன்று படிகளைத் தெளிவாகச் சொன்னது: இயேசு சொன்னதும் செய்ததும் முதல் படி, உயிர்ப்புக்குப் பின் திருத்தூதர் அறிவித்தது இரண்டாம் படி, நற்செய்தியாளர் தம் மக்களின் தேவைக்கேற்பத் தேர்ந்து எழுதியது மூன்றாம் படி. அடுத்த ஆண்டே இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதை ஏற்றுக்கொண்டது.

நான் இதைக் குருமடத்தில் முதன்முதலாகக் கேட்ட நாள் நினைவிருக்கிறது. கிராமத்திலிருந்து வந்தவன். சாமியார் பிரசங்கத்தில் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது என்று நம்பி வந்தவன். மலைப்பொழிவை மத்தேயு பல இடத்துப் போதனைகளைச் சேர்த்துத் தொகுத்திருக்கலாம் என்று பேராசிரியர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அம்மா முழந்தாளிட்டது யார் முன்னால் என்ற கேள்வி வந்துவிட்டது. பெட்டியைக் கட்டலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் அவரிடமே போய் அழுதேன். அவர் கேட்டார்: "உன் அப்பாவைப் பற்றி உன் அக்கா சொல்றதும் நீ சொல்றதும் ஒண்ணா இருக்குமா?" இல்லை என்றேன். "அதனால உங்க அப்பா இல்லாமப் போயிட்டாரா?" என்றார். அவ்வளவுதான். கேள்வி முழுவதும் தீரவில்லை, ஆனால் அன்று இரவு தூங்கினேன்.

ஆராய்ச்சி எனக்குக் கொடுத்த பெரிய நன்மை ஒன்று உண்டு. இயேசு யூதர் என்பதை அது திரும்பத் தந்தது. சங்கம் 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட ஏட்டில், ஆண்டவருடைய மரணத்துக்காக யூத இனம் முழுவதையும் குற்றம் சாட்டக்கூடாது என்றது. 1973-இல் கேசா வெர்மெசு என்ற அறிஞர் இயேசுவை யூதராகவே பார்த்து ஒரு நூல் எழுதினார். அங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோரை இட்லரின் கொலைகாரர்களிடம் இழந்தவர். சில காலம் கத்தோலிக்கக் குருவாகவும் இருந்தவர். ஆடை ஓரத்தில் குஞ்சம் வைத்து, ஓய்வு நாளில் தொழுகைக்கூடம் போய், எபிரேய மறைநூல் படித்த ஒரு கலிலேயரை இத்தகைய நூல்கள் நமக்குக் காட்டின. நாமோ புனித வெள்ளி நாடகத்தில் யூதர் என்றால் கருப்புச் சாயம் பூசி மீசை வரைகிறோம், இயேசுவுக்கு மட்டும் பவுடர் போடுகிறோம். ஒரே ஊர்க்காரர்களுக்கு எப்படி இரண்டு நிறம் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த தவக்காலத்தில் நம் இளைஞர் மன்றம் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

2001-இல் பிபிசி தொலைக்காட்சிக்காக ரிச்சர்ட் நீவ் என்பவர், அதே நூற்றாண்டைச் சேர்ந்த யூத ஆண் ஒருவரின் மண்டை ஓட்டை வைத்து ஒரு முகம் செய்தார். அது இயேசுவின் முகம் அல்ல. அந்தக் காலத்து அந்த ஊர் ஆள் ஒருவர் எப்படி இருந்திருப்பார் என்பதற்கு ஒரு மாதிரி. கருத்த தோல், அகலமான மூக்கு, குட்டையான சுருட்டை முடி. மலைமேல் அந்தப் பையன் வரைந்தது அதற்கு எத்தனை பக்கத்தில் இருந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காவி உடுத்து, மரக்கறி உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் கற்று, இயேசுவைக் குருவாக அறிமுகப்படுத்தினார். அருள், கோயில், பூசை என்று நாம் செபத்தில் சொல்லும் சொற்கள் பல அந்தக் காலத்தில் வேர் பிடித்தவை. சொந்தச் சபையாரே அவர்மீது புகார் செய்தார்கள். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். நொபிலி பிராமணர்களை நெருங்குவதற்காக ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து விலகி நின்றார். அவர்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற வேறு குருக்கள் வர வேண்டியிருந்தது. இயேசு காவி கட்டி வந்தார், ஆனால் எல்லாத் தெருவுக்கும் ஒரே வழியாக வரவில்லை. அந்த இரண்டு வழியின் தடம் நம் சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் இன்றும் சுவராக நிற்கிறது.

வீரமாமுனிவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1726-இல் அவர் முடித்த தேம்பாவணியில் 3,615 பாடல்கள். சூசையப்பர் வளன் ஆனார், யூதேயா நம் மருத நிலம்போல் வயலும் வாழையுமாகச் செழித்தது. கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னை புடவை கட்டி நிற்கிறாள்.

இருநூறு ஆண்டு கழித்து, கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ த பொன்சேக்கா மாதாவுக்குப் புடவை கட்டி வரைந்தபோது, சொந்த ஊர்க் கத்தோலிக்கர்களே அவரை ஏசினார்கள். அவர் புனேயில் ஓர் ஆசிரமத்தில் இருந்து வரைந்து, 1967-இல் இறந்தார். வெள்ளைக்காரர் செய்தால் புண்ணியம், நம் ஆள் செய்தால் பாவம் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை.

நமக்கு மிக அருகில் நடந்த ஒன்றும் இருக்கிறது. போளூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் திருவண்ணாமலை. 1949 சனவரியில் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள், மோன்ஷனேனும் லெ சோவும், இரமணரைக் காண அங்கே வந்தார்கள். அடுத்த ஆண்டு குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்ற லெ சோ, 1952 முதல் பல முறை அருணாசல மலைக் குகைகளில் தனியே தங்கினார். குகைக்குள் ஒருவரே பூசை வைப்பார், மௌனமாக இருப்பார். அத்துவைத அனுபவத்துக்கும் இயேசுவின் முகத்துக்கும் நடுவில் அவர் மனம் கடைசிவரை கிழிபட்டது. அவருடைய நாட்குறிப்பில் அந்த வேதனை தெரிகிறது. 1973-இல் இந்தூரில் இறந்தார். அவர் கண்ட எல்லாவற்றையும் என்னால் ஏற்க முடியவில்லை. முகமே இல்லாத கடவுளிடம் போய்ச் சேர்ந்துவிட்டால், மாட்டுத் தொழுவத்தில் பிறந்த பிள்ளையை எங்கே வைப்பது என்று எனக்குத் தோன்றும். ஆனால் ஒரு கேள்வியோடு இத்தனை வருடம் பொய்யில்லாமல் வாழ்ந்தவரைப் பழிக்கவும் மனம் வரவில்லை.

கல்லேரியில் பிறந்த அமலோர்பவதாசு அடிகளார், 1967-இல் பெங்களூரில் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். 1969-இல் இந்திய வழிபாட்டுக்கு உரோமை 12 அம்சங்களை அனுமதித்தது. இன்று நம் கோவிலில் ஆரத்தி எடுக்கிறோம், கைகூப்பி வணங்குகிறோம் என்றால் அதற்கு அந்த அனுமதி ஒரு காரணம். ஓவியர் ஜோதி சாகி போன்றோர் அந்தச் சூழலில் இந்திய இயேசுவை வரைந்தார்கள்.

அப்போது இன்னொரு பக்கத்திலிருந்து கேள்வி எழுந்தது. இந்திய இயேசு என்கிறீர்களே, எந்த இந்தியர்? தாமரையும் சமஸ்கிருதமும் மட்டும்தான் இந்தியாவா? பறைக்கும் கூழுக்கும் அதில் இடம் உண்டா? 1980-களில் அரவிந்த் நிர்மல் போன்ற இறையியலாளர்கள், இயேசுவைத் தலித்தாகவே பார்க்க வேண்டும் என்றார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் வழிபாடு அமைத்தார். இவர்கள் நம் சபையார் அல்லர். ஆனாலும் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களோடு பந்தியில் உட்கார்ந்தவர், நகருக்கு வெளியே கொல்லப்பட்டவர் என்று அவர்கள் காட்டுவதெல்லாம் நற்செய்தியில் இருப்பதுதான். நம் பங்கில் பெரும்பாலோர் யார் என்பது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அப்படி இருக்க, கருப்பு இயேசுவைப் பார்த்து நம் பிள்ளைகளே சிரிக்கிறார்கள் என்றால், அவர்கள் கண்ணாடியில் தங்கள் முகத்தைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்?

கிணற்றுக் கதையை நான் மறக்கவில்லை. அந்தப் பையனும் தன் முகத்தைத்தானே வரைந்தான் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. அறிஞர்கள் தங்கள் முகத்தைக் கண்டு, இதுதான் ஒரே இயேசு என்று மற்ற முகங்களை அழித்தார்கள். இசன்ஐம் நோயாளி கண்டது அப்படி அல்ல. ஆண்டவர் தன் பக்கம் வந்ததைக் கண்டான். இரண்டையும் எப்போதும் பிரித்தறிய முடியும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குத்தான் நற்செய்தி வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் வரைந்த படமும் வேண்டும்.

இந்தத் தை மாதம் மீண்டும் மலைக்குப் போனேன். செல்போனில் நீவ் செய்த முகத்தைப் பிள்ளைகளிடம் காட்டி, யார் இது என்று கேட்டேன். பஸ் கண்டக்டர் என்றான் ஒருவன். பால்காரர் என்றான் இன்னொருவன். இயேசுவின் ஊர்க்காரர் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் படத்தைக் கேட்டேன். அவன் தயங்கிக்கொண்டே எடுத்து வந்தான். சொன்னபடி திருத்தியிருந்தான். மஞ்சள் முடி, நீலக் கண். தாளைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் பழைய கோடுகள் தெரிந்தன. சாமைக் கதிர் மட்டும் அழியவில்லை.

"முன்னே வரைஞ்ச மாதிரியே இன்னொண்ணு வரைஞ்சு தர்றியா?" என்று கேட்டேன். தருகிறேன் என்றான். ஆனால் கருப்பு கிரேயான் தீர்ந்துவிட்டதாம். போளூர்க் கடைத்தெருவில் ஒரு பெட்டி வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை மலைக்குக் கொண்டு போக வேண்டும்.